பழைய அடி, இன்னும் ‘டக்’ சத்தம்: கால் பெருவிரலில் சொடக்கு விழுந்தால் கவலைப்படணுமா?

சனிக்கிழமை இரவு. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வந்துவிட்டது. ‘டர்ஃப் புக் பண்ணியாச்சா?’ என்று வாட்ஸ்அப் குரூப்களில் கேள்வி வருகிறது. கொஞ்ச நேரத்தில் வலை கட்டி, விளக்குப் போட்ட செயற்கைப் புல் மைதானத்தில் கட்டிங், மெர்ச்சன்டைசிங், அக்கவுண்ட்ஸ் எல்லாம் ஒரே டீமாக இறங்கிவிடும். ஆட்டம் முடிந்து பரோட்டா கடைக்கு நடக்கும்போது பத்துப் பேரில் யாராவது ஒருவர் நொண்டுவார். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சுளுக்குதான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சுளுக்கு போய்விடுகிறது. சத்தம் போவதில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கக்கூடிய இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் 27 வயது மெர்ச்சன்டைசர். மூன்று வருடத்துக்கு முன் ஃபுட்பால் ஆடும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்கி அடிபட்டது. இன்று மாடிப்படி ஏறும்போதெல்லாம் விரல் மூட்டில் ‘டக்’ என்கிறது. வலி இல்லை. இன்னொருவர் 31 வயது ஓவர்லாக் டெய்லர். பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு கபடி ஆடியபோது அதே விரலில் அடி. இப்போது தரையிலிருந்து எழும்போது ‘கரகர’ என்கிறது. விரல் முன்பு மாதிரி மடங்குவதில்லை. ஷிப்ட் முடியும்போது மூட்டின் மேல்பக்கம் வலி.

இருவரும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தச் சத்தம் ஆபத்தா? ஆனால் இருவருக்கும் பதில் ஒன்றல்ல. ஏன் என்று பார்ப்போம்.

பெருவிரலுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. பெருவிரலும் பாதமும் சேரும் இடத்தில், உள்ளங்காலின் முன்பக்க மேட்டுக்கு மேலே இருக்கும் மூட்டுதான் இங்கே கதாநாயகன். அதற்கு அடியில் இரண்டு குட்டி எலும்புகள் இருக்கின்றன. பெயர் செசமாய்டு. எள் விதை போல இருப்பதால் வந்த பெயர். கிணற்று ராட்டினத்தின் மேல் கயிறு வழுக்கிப் போவது போல, விரலை மடக்கும் தசைநாண்கள் இவற்றின் உதவியோடு வழுக்கிப் போகின்றன.

மூட்டின் அடியில் தடித்த தசைநார்ப் பட்டை ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் இதை ‘பிளாண்டர் பிளேட்’ என்கிறார்கள். விரல் அளவுக்கு மீறி மேலே வளையாமல் பிடித்து வைப்பது இதன் வேலை.

ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் குதிகால் எழும், பெருவிரல் தரையிலேயே இருக்கும், மூட்டு மேல்நோக்கி வளையும். அப்போது உள்ளங்காலில் ஓடும் பட்டை இழுபட்டு, பாத வளைவு விறைப்பாகி, உடம்பை முன்னே தள்ளுகிறது. ஜே.எச்.ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-ல் இதை விளக்கினார். பெருவிரல் வளைய மறுத்தால் இந்த ஏற்பாடே பாதிக்கும். அப்போது பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடக்கத் தொடங்குவோம். கணுக்கால், முழங்கால், இடுப்பு வரைக்கும் பாரம் மாறும்.

ஆரோக்கியமான பெருவிரலைக் கையால் தூக்கினால் சுமார் 65 முதல் 75 டிகிரி வரை மேலே வளையும் என்பது மருத்துவ நூல்களில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைவிட முக்கியமானது இதுதான்.

‘டர்ஃப் டோ’: பெயர் வந்த கதை

1966-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில் செயற்கைப் புல் விரித்தார்கள். அதன்பின் பல மைதானங்களுக்கு அது பரவியது. பத்து வருடம் கழித்து, 1976-ல், பவர்ஸ், மார்ட்டின் என்ற இரு மருத்துவர்கள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் வீரர்களிடம் பார்த்த ஒரு காயத்துக்கு ‘டர்ஃப் டோ’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் காட்டிய காரணங்கள் இரண்டு. செயற்கைப் புல் தரை கடினம், ஷூவை விடாமல் பிடிக்கும். வீரர்கள் போட்டிருந்த ஷூவோ முன்பக்கம் எளிதாக வளையும் வகை.

நடப்பது இதுதான். ஷூ முனை தரையில் மாட்டிக்கொள்கிறது, குதிகால் மேலே இருக்கிறது, பின்னாலிருந்து இன்னொருவர் மேலே விழுகிறார். உடம்பு முன்னே போக, பெருவிரல் அளவுக்கு மீறி மேல்நோக்கி மடங்குகிறது. அடியில் இருக்கும் பட்டை இழுபடுகிறது அல்லது கிழிகிறது.

மருத்துவர்கள் இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் பட்டை இழுபட்டிருக்கும், சில நாள் ஓய்விலேயே சரியாகலாம். இரண்டாவதில் பாதி கிழிந்திருக்கும், வீக்கமும் ரத்தக்கட்டும் தெரியும், இரண்டு வாரமாவது விளையாட்டை நிறுத்த வேண்டும். மூன்றாவதில் முழுக்கக் கிழிந்திருக்கும், ஆற மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். அமெரிக்க ஃபுட்பால் நட்சத்திரம் பேட்ரிக் மஹோம்ஸ் 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி முடிந்த கையோடு ஆபரேஷன் செய்துகொண்டது இந்தக் காயத்துக்குத்தான்.

பெயரில் டர்ஃப் இருந்தாலும் மண் தரையிலும் இது வரும். கபடியில் ரெய்டர் உந்தி எழும் நொடியில் காலைப் பிடித்தாலும், கோ-கோவில் சட்டென்று திரும்பினாலும் விரல் இதே மாதிரி மடங்கலாம்.

சச்சினை உட்கார வைத்த எலும்பு

விரல் அடிதானே என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2001-ல் ஜிம்பாப்வே சுற்றுப்பயணத்தின்போது சச்சின் டெண்டுல்கரின் வலது காலில் அடிபட்டது. பெருவிரலுக்கு அடியில் இருக்கும் அந்த எள் எலும்பில் விரிசல். அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்திய அணி இலங்கையில் ஆடிய டெஸ்ட் தொடரில் அவர் இல்லை. அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் திரும்ப வந்து, ஜோகன்னஸ்பர்க் ஒருநாள் போட்டியில் 101 ரன் எடுத்தார். நவம்பரில் புளூம்ஃபோன்டைன் டெஸ்டில் 155.

எலும்பு சின்னதுதான். ஆனால் ஆற நேரம் கொடுத்தார்கள், ஆறியது. திருப்பூரில் அடிபடும் பல விரல்களுக்குக் கிடைக்காமல் போவது அந்த நேரம்தான். அதற்குப் பிறகு வருவோம். முதலில் சத்தம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

எல்லா ‘டக்’கும் ஒன்றல்ல. பழைய அடிக்குப் பிறகு பெருவிரலில் கேட்கும் சத்தத்துக்குப் பொதுவாக இவை காரணமாக இருக்கலாம்.

*வாயுக் குமிழி:* மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. அதில் வாயுக்கள் கரைந்திருக்கும். மூட்டை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து குமிழி உண்டாகும். விரல் நெட்டி முறிக்கும்போது வருவது இந்தச் சத்தம்தான். ஒருமுறை வந்தால் அதே மூட்டில் மறுபடி வர சுமார் 20 நிமிடம் ஆகும். வலி இருக்காது.

*தசைநாண் தாவுவது:* அடிபட்ட இடம் ஆறும்போது தழும்பு போலத் தடிப்பு உருவாகும். தசைநாண் அதன் மேல் வழுக்கும்போது ‘டக்’ என்று தாவும். இதற்கு 20 நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. மடக்கும் ஒவ்வொரு முறையும் வரும். விரலை வைத்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஏதோ நகர்வது தெரியும்.

*தளர்ந்த மூட்டு:* பட்டை சரியாக ஆறாமல் நீண்டுபோயிருந்தால் மூட்டு கொஞ்சம் லூசாக இருக்கும். காலை ஊன்றும்போது எலும்பு லேசாக இடம் மாறி உட்காரும். ‘கால் பிடிமானமே இல்ல’ என்று சிலர் சொல்வது இதனால் இருக்கலாம்.

*தேய்ந்த குருத்தெலும்பு:* எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு அடிபட்டால் முழுதாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. மேற்பரப்பு சொரசொரப்பானால் ‘டக்’குக்குப் பதில் ‘கரகர’ கேட்கும். மூட்டின் மேல்பக்கம் எலும்பு முளைத்து மேடு தட்டும், விரல் மேலே வளைவது குறையும். இதன் பெயர் ‘ஹாலக்ஸ் ரிஜிடஸ்’. தமிழில் விறைத்த பெருவிரல் எனலாம்.

*உதிர்ந்த துண்டு:* குருத்தெலும்பிலோ எலும்பிலோ ஒரு சின்னத் துண்டு உடைந்து மூட்டுக்குள் மிதக்கலாம். அப்போது சத்தம் மட்டுமல்ல, விரல் திடீரென்று மாட்டிக்கொண்டு நகராமல் நின்றுவிடும்.

சத்தம் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில் வந்து, செருப்புக்குள் கல் கிடப்பது போலவும் விரல் மரத்துப் போவது போலவும் இருந்தால் அது மூட்டே இல்லாமல் நரம்புத் தடிப்பாகவும் இருக்கலாம்.

நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?

‘சொடக்கு எடுக்காதே, கை நடுங்கும்’ என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் குறைவு. கலிஃபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்ற மருத்துவருக்கும் சின்ன வயதில் அதே திட்டு கிடைத்தது. அவர் 50 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது நெட்டி முறித்தார். வலது கையை விட்டுவிட்டார். கடைசியில் இரண்டு கையிலும் மூட்டுத் தேய்மானம் இல்லை என்று 1998-ல் எழுதினார். சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2009-ல் அவருக்குக் கிடைத்தது.

ஒரே ஆளின் கணக்கு போதாதுதான். 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு 50 வயதுக்கு மேற்பட்ட 215 பேரின் கை எக்ஸ்ரேக்களைப் பார்த்தது. நெட்டி முறிப்பவர்களில் 18.1 சதவீதம் பேருக்கும், முறிக்காதவர்களில் 21.5 சதவீதம் பேருக்கும் கை மூட்டுத் தேய்மானம் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை.

சத்தம் எப்படி வருகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை. 2015-ல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் காவ்சுக் குழு, விரலை இழுக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தது. குமிழி உருவாகும்போதே சத்தம் வருகிறது என்றது. 2018-ல் வினீத் சந்திரன் சுஜா, அப்துல் பராகத் இருவரும் கணித மாதிரி போட்டு, குமிழி பாதி நொறுங்கினாலே அந்தச் சத்தம் வரும் என்றார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையில் நெட்டி முறிப்பது பற்றிய இந்த ஆய்வுகள் நல்ல மூட்டுகளுக்கான ஆறுதல். அடிபட்ட கால் விரலுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முக்கியமாக, ‘டக்’ வந்தால்தான் விரல் ஃப்ரீயாகிறது என்று அடிபட்ட விரலைத் திரும்பத் திரும்பத் திருகுவது நல்ல பழக்கம் அல்ல. தடித்த தசைநாண் இன்னும் உரசும், தளர்ந்த மூட்டு இன்னும் தளரும்.

அப்படியென்றால் எப்போது பயப்பட வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால், சத்தத்துக்கு அல்ல, சத்தத்தோடு கூட வருவதற்கு. வலி இல்லை, வீக்கம் இல்லை, விரல் முழுதாக வளைகிறது, ஆனால் ‘டக்’ மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. நம்முடைய மெர்ச்சன்டைசர் இந்த வகை.

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

• ஒவ்வொரு ‘டக்’கோடும் வலி வருவது
• மூட்டு அடிக்கடி வீங்குவது, மேல்பக்கம் மேடு தட்டுவது
• விரல் மாட்டிக்கொண்டு நிற்பது
• இன்னொரு காலோடு ஒப்பிட்டால் விரல் குறைவாக வளைவது
• காலை வெளிப்பக்கம் சாய்த்து நடப்பது, செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்வது
• விரல் மரத்துப்போவது

டெய்லர் அக்காவுக்கு இதில் மூன்றாவது இருக்கும். அவருடைய ‘கரகர’ காத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல.

பெருவிரல் மூட்டு ராத்திரியில் திடீரென்று சிவந்து, சூடாகி, பெட்ஷீட் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் ஆக இருக்கலாம். காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், ‘வலிக்கவில்லை’ என்பதை வைத்து முடிவெடுக்கவே கூடாது. அவர்களுக்கு நரம்பு பாதித்து வலி தெரியாமலே போகலாம்.

2 நிமிடத்தில் வீட்டிலேயே பார்க்கலாம்

1. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். குதிகாலும் பாதத்தின் முன்மேடும் எழாமல், பெருவிரலை மட்டும் கையால் மெதுவாக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் போனை வைத்து ஒரு போட்டோ எடுங்கள். மற்றக் காலிலும் அதே மாதிரி. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

2. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி 10 விநாடி நில்லுங்கள். அடிபட்ட காலில் வலிக்கிறதா, பாதம் வெளிப்பக்கம் சாய்கிறதா?

3. தினசரி வேலைகளைக் கவனியுங்கள். குத்தவைத்து உட்காரும்போது, தரையிலிருந்து எழும்போது, தொழுகையில் கால் விரல்களை மடக்கி அமரும்போது, மாடிப்படி ஏறும்போது எங்கே தடுக்கிறது?

சத்தத்தை வீடியோவாகவே எடுத்துவையுங்கள். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் அது வராமல் போவது வழக்கம்தான். ஒரு மாதம் கழித்து அதே போட்டோவை மறுபடி எடுங்கள். சத்தம் அதே அளவு இருந்தாலும் கோணம் குறைந்திருந்தால் அதுதான் செய்தி.

திருப்பூரில் ஏன் ஆறாமல் நிற்கிறது?

விரல் அடி ஆறத் தேவையானது விலை உயர்ந்த மருந்து அல்ல, பாரம் இறக்காத சில வாரங்கள். பனியன் கம்பெனியில் கிடைக்காத பொருள் அதுதான்.

ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. செக்கிங், அயர்னிங், பேக்கிங்கில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நின்றபடி வேலை. கட்டிங் மாஸ்டருக்கு மேஜையைச் சுற்றி நடை. பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கோ மிஷினின் பெடல். பெடலை மிதிக்கும்போது அசைவு கணுக்காலில்தான் அதிகம். ஆனால் அழுத்தம் விழுவது பெருவிரலுக்கு அடியில் உள்ள மேட்டில், அந்த எள் எலும்புகள் இருக்கிற இடத்தில். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் மிதிப்பவர்களும் உண்டு.

மேலும் பீஸ் ரேட். எத்தனை பீஸ் தைத்தோமோ அத்தனைக்குக் காசு. திங்கட்கிழமை கால் வீங்கியிருக்கிறது என்று வீட்டில் இருந்தால் சனிக்கிழமை சம்பளத்தில் அது தெரியும். ஆபீஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஷிப்மென்ட் தேதி. ஸ்ப்ரே அடித்து, மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டு, விரலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாத்திரை வலியைத்தான் நிறுத்துகிறது. மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்ததும் ‘சரியாகிடுச்சு’ என்கிறார்கள். நீண்டுபோன பட்டை நீண்டபடியே ஆறியிருக்கலாம் என்பது வெளியே தெரியாது.

நின்று வேலை செய்பவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44-வது பிரிவில் எழுதிவைத்தார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டமாக்கியது. ஒரு ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது அல்ல.

லீவ் போட்டால் சம்பளம்?

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது: இஎஸ்ஐ. 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருகிறார்கள். பீஸ் ரேட், வாரக் கூலி என்றாலும் பொருந்தும். தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் நிறுவனத்திடம் 3.25 சதவீதமும் சந்தா பிடிக்கிறார்கள்.

ஆனால் பலருக்கு இது மாத்திரை வாங்கும் கார்டாக மட்டும்தான் தெரியும். நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய உதவிக் காலத்தில், இஎஸ்ஐ மருத்துவர் சான்று கொடுத்த ஓய்வு நாட்களுக்குச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது.

உதாரணத்துக்கு, சராசரி நாள் கூலி 600 ரூபாய் என்றால் ஓய்வு நாளுக்கு 420 ரூபாய். முழுச் சம்பளம் இல்லைதான். ஆனால் பூஜ்ஜியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாடும்போது பட்ட அடி வேலைக் காயம் ஆகாது, அதற்கான 90 சதவீத உதவி வராது. ஆனால் நோய்க்கால உதவிக்கு அந்தத் தடை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிவிட்டு நேராக வேலைக்குப் போனால் எந்தப் பதிவும் இருக்காது. முதல் நாளே இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிச் சீட்டு வாங்குவது இதனால்தான் முக்கியம். உங்கள் பெயரில் சந்தா உண்மையிலேயே போகிறதா என்பதையும் அடிபடுவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

*எங்கே காட்டுவது:* இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு 2022-ல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டலாம். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே பெரும்பாலும் முதல் படி. படுத்தபடி எடுத்தால் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாமல் போகலாம். இரண்டு காலையும் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. சிலருக்குச் செசமாய்டு பிறவியிலேயே இரண்டு துண்டாக இருக்கும். அது எலும்பு முறிவு என்று தவறாகப் படாமல் இருக்கவும் இந்த ஒப்பீடு உதவும். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவைப்படாது.

*செருப்பு:* வலி இருப்பவர்கள் இரண்டாக மடிக்கக்கூடிய ரப்பர் செருப்பைத் தவிர்க்கலாம். அடிப்பாகம் விறைப்பாக, முனை அகலமாக இருக்கும் ஷூ அல்லது செருப்பில் பெருவிரல் குறைவாக வளையும், மூட்டுக்கு ஓய்வு கிடைக்கும். ஹை ஹீல்ஸ் இதற்கு நேர் எதிர்.

*பயிற்சி:* வலி இல்லாத சத்தம் மட்டும் இருப்பவர்களுக்கு இவை போதும். கையால் பெருவிரலை மெதுவாக மேலும் கீழும் வலிக்காத அளவுக்கு 10 முறை அசைப்பது. தரையில் ஒரு பனியன் துணியைப் போட்டு விரல்களாலேயே சுருட்டி இழுப்பது. கோலிகுண்டை விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. கெண்டைக்கால் தசையை இழுத்து நீட்டுவது. வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும்.

*ஆபரேஷன்:* விரல் விறைத்துப்போனாலும் முதலில் செருப்பு மாற்றம், பிசியோ, மருந்து. அதிலும் வலி குறையாவிட்டால் மேலே முளைத்த எலும்பைச் செதுக்கி எடுப்பார்கள். முற்றிய நிலையில் மூட்டையே இணைத்துவிடுவார்கள். கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ’நீல் 2002 செப்டம்பரில் தேய்ந்துபோன பெருவிரல் மூட்டுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு அந்த சீசனின் தொடக்கப் போட்டிகளில் ஆடவில்லை. சத்தத்தை நிறுத்துவதற்காக மட்டும் யாரும் கத்தி வைப்பதில்லை.

அடுத்த முறை அடிபட்டால்

முதல் 48 மணி நேரம்தான் முக்கியம். ஆட்டத்தை நிறுத்துங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள், ஒரு நாளில் சில முறை. காலை உயரமாக வையுங்கள். மெட்டி போட்டிருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

எண்ணெய் போட்டு உருவி விடுவது, சுளுக்கு எடுக்கிறேன் என்று விரலைப் பிடித்து இழுப்பது இரண்டும் அந்த நேரத்தில் வேண்டாம். உள்ளே கிழிந்திருந்தால் கிழிசல் பெரிதாகலாம், எலும்பு விரிசல் இருந்தால் விலகலாம். நான்கு அடி கூட நடக்க முடியவில்லை, விரல் கோணலாகத் தெரிகிறது, உள்ளங்காலில் ரத்தக்கட்டு பரவுகிறது என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் போய் எக்ஸ்ரே எடுங்கள்.

திரும்ப விளையாட எப்போது போகலாம் என்பதற்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வலியில்லாமல் குதிகாலைத் தூக்கி நிற்க முடிய வேண்டும். வலியில்லாமல் மெதுவாக ஓட முடிய வேண்டும். விரல் மற்றக் கால் அளவுக்குக் கிட்டத்தட்ட வளைய வேண்டும். மூன்றும் சரியென்றால் டர்ஃப் புக் பண்ணலாம். ஷூ மட்டும் முன்பக்கம் துணி மாதிரி மடங்காத வகையாக இருக்கட்டும்.

மெர்ச்சன்டைசர் தம்பி மாடிப்படியில் ‘டக்’ கேட்டால் இனி நின்று திருகிப் பார்க்க வேண்டாம், ஏறிப் போகலாம். மாதம் ஒரு போட்டோ போதும். டெய்லர் அக்காவுக்குச் சத்தம் பெரிதாகக் கேட்பதில்லை, மிஷின் ஓட்டத்தில் அது காதிலேயே விழாது. ஆனால் இந்த வாரம் ஒரு நாள் ஒன்றரை ஷிப்ட்டை ஒரு ஷிப்ட்டாகக் குறைத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டியவர் அவர்தான்.